சங்கும் மூக்குக்கண்ணாடியும்



மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று சொன்னபோது என் நண்பர்கள் எல்லோரும் நான் வெல்டிங்கைப் பற்றியோ ரோபோவைப் பற்றியோதான் எழுதப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு ஆங்கில நாவலைப் பற்றி என்றதும், "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாவல் எதுக்குடா?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாவலில் ஒரு தப்பு இருக்கிறது. நோபல் பரிசு வாங்கியவர் செய்த தப்பு. இலக்கியம் படிக்கிறவர்கள் பலர் தாண்டிப் போய்விடும் அந்தத் தப்பை நம்மில் யாரும் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாவலின் பெயர் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'. தமிழில் சொன்னால் 'ஈக்களின் அதிபதி'. எழுதியவர் வில்லியம் கோல்டிங். வெளிவந்த ஆண்டு 1954. அணுகுண்டுப் போர் நடக்கும் ஒரு காலத்தில், இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்களைப் பத்திரமான இடத்துக்கு ஏற்றிச்செல்லும் விமானம் தாக்கப்பட்டு, ஆளில்லாத ஒரு வெப்பமண்டலத் தீவில் விழுகிறது. பெரியவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பையன்கள் மட்டும். ரால்ஃப் என்பவன் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். மலை உச்சியில் தீ மூட்டிப் புகை எழுப்பினால் ஏதாவது கப்பல் பார்த்துவிட்டு வரும் என்பது அவன் திட்டம். தீக்குச்சி கிடையாது. குண்டுப் பையன் பிக்கியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள்.

இப்போது ஃபிசிக்ஸ் லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பிக்கிக்கு இருப்பது கிட்டப்பார்வை என்று நாவலே சொல்கிறது. கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்ஸ். குழிலென்ஸ் ஒளிக்கதிர்களை விரிக்கும், குவிக்காது. நாள் முழுக்க வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஒரு காய்ந்த இலை கருகாது! தீ மூட்ட வேண்டுமானால் குவிலென்ஸ் வேண்டும், அதாவது பிக்கிக்குத் தூரப்பார்வை இருந்திருக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், கோல்டிங்கின் அப்பா ஒரு சயின்ஸ் வாத்தியார். கோல்டிங்கும் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் இரண்டு வருடம் சயின்ஸ் படித்துவிட்டுத்தான் இலக்கியத்துக்கு மாறினார்.

இந்தத் தப்பைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கதையையே கவிழ்த்துவிட்ட மாதிரி! ஆனால் தொடர்ந்து படித்தபோது அந்தப் பெருமை கரைந்துவிட்டது. பிக்கியும் இப்படிப்பட்டவன்தான் என்று புரிந்தது. எல்லாவற்றிலும் கணக்கு சரியாக வைத்திருப்பவன். ஆனால் ஒரே ஒரு நாள் காலையில்... அதைப் பிறகு சொல்கிறேன்.

கோல்டிங் சால்ஸ்பரி என்ற ஊரில் ஆண்கள் பள்ளி ஆசிரியர். பையன்களைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். 1944-ல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது ராக்கெட் பொருத்திய ஒரு கப்பலுக்கு அவர் கமாண்டர். மனிதன் மனிதனுக்கு என்னென்ன செய்வான் என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாஜிகள் செய்ததை நாங்கள் செய்யமாட்டோம், எங்கள் ரத்தமே வேறு என்று தன் ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்தது அவருக்கு உறுத்தியது. அந்த நாட்டுப் பையன்கள் படித்து வளர்ந்த பழைய கதை ஒன்று உண்டு. பேலன்டைன் என்பவர் எழுதிய 'தி கோரல் ஐலண்ட்', பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகம். அதிலும் ஆங்கிலப் பையன்கள் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்கமான பிள்ளைகள், கெட்டதெல்லாம் வெளியிலிருந்துதான் வரும். அந்தக் கதையிலிருந்தே ரால்ஃப், ஜாக் என்ற இரண்டு பெயர்களையும் எடுத்து, நிஜப் பையன்கள் என்றால் என்ன செய்திருப்பார்கள் என்று கோல்டிங் எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஃபேபர் அண்ட் ஃபேபரில் சார்லஸ் மான்டித் என்ற இளம் எடிட்டர் பிடிவாதமாக நின்று, சில பகுதிகளை வெட்டச் சொல்லி வெளியிட வைத்தார். 1983-ல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு.

சரி, பாத்திரங்களுக்கு வருவோம்.

என் அக்கா பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது வைத்திருந்த கைடு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு அட்டவணை. சங்கு என்றால் ஜனநாயகம், கண்ணாடி என்றால் அறிவு, ரால்ஃப் என்றால் ஒழுங்கு, ஜாக் என்றால் காட்டுமிராண்டித்தனம், சைமன் என்றால் ஏசுநாதர். பரீட்சைக்கு இது போதும். ஐந்து மார்க் நிச்சயம். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்டைப் படித்துவிட்டு எஞ்சின் ஓடுவதைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு பாகமும் மற்றொன்றோடு எப்படி இணைகிறது, எங்கே தேய்கிறது, எப்போது உடைகிறது என்பதல்லவா விஷயம்!

சங்கையே எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் கிடந்ததை ரால்ஃப் எடுக்கிறான். அதை ஊதத் தெரிந்தவன் பிக்கி, ஆனால் ஆஸ்துமா இருப்பதால் அவனால் ஊத முடியாது. ரால்ஃப் ஊதுகிறான், எல்லாப் பையன்களும் கூடுகிறார்கள். தேர்தல் நடக்கிறது. ஜாக் தன் தகுதியாகச் சொல்வது என்ன தெரியுமா? தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவன் லீடர், உச்ச சுரத்தில் பாடுவான். ரால்ஃபின் தகுதி? பார்க்க லட்சணமாக இருக்கிறான், கையில் சங்கு இருக்கிறது. மூளை உள்ள பிக்கியின் பெயரை யாரும் முன்மொழியவே இல்லை. (நம் யூனியன் தேர்தலில் போஸ்டருக்கு ஏற்ற முகம் யாருக்கு என்று பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். இந்த வருடத் தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.)

சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம் என்பது விதி. அழகான விதி. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே, மலை மேல் சங்கு செல்லாது என்று ஜாக் சொல்லிவிடுகிறான். சங்கு அதே சங்குதான், உடையவில்லை. 'செல்லும்' என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதால் செல்லுபடியான ஒன்று, ஒருவன் 'செல்லாது' என்று சொல்லி, மற்றவர்கள் சும்மா இருந்ததால் விரிசல் விட்டது. பிறகு வெயிலிலும் காற்றிலும் அதன் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளுத்துக்கொண்டே போவதை கோல்டிங் போகிற போக்கில் சொல்கிறார். பத்தாவது அத்தியாயத்தில் ஜாக்கின் ஆட்கள் இரவில் வந்து ரால்ஃப் கூட்டத்தை அடித்துப்போட்டுத் திருடுகிறார்கள். சங்குக்குத்தான் வந்தார்கள் என்று பிக்கி நினைக்கிறான். போய்ப் பார்த்தால் சங்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. எடுத்துப்போனது கண்ணாடியை. தீ மூட்டும் கருவி அவர்களுக்குத் தேவை, சங்கை அவர்கள் தொடக்கூட இல்லை. அட்டவணையில் 'சங்கு = ஜனநாயகம்' என்று எழுதிவிட்டால் இந்த இடத்தின் வலி கிடைக்காது. சங்கைத் திருடியிருந்தால்கூட அதற்கு இன்னும் ஏதோ மதிப்பு இருந்தது என்று ஆறுதல் பட்டிருக்கலாம்!

ரோஜர் என்று ஒருவன். அதிகம் பேசமாட்டான். நாலாவது அத்தியாயத்தில், கடற்கரையில் விளையாடும் ஹென்றி என்ற சின்னப் பையனைப் பார்த்து மரத்தின் பின்னால் நின்று கல் எறிகிறான். ஆனால் ஒன்றுகூட அவன் மேல் படாது. படாதபடி குறிவைத்துத்தான் எறிகிறான். அந்தப் பையனைச் சுற்றி ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் எறிய ரோஜருக்குக் கை வரவில்லை. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தும் கையைப் பிடித்து இழுக்கின்றன. அதே ரோஜர்தான் பதினோராவது அத்தியாயத்தில் பாறை உச்சியில் நெம்புகோலைப் போட்டு ஒரு பெரிய கல்லை உருட்டுகிறான். பிக்கி சாகிறான், அவன் கையிலிருந்த சங்கு நொறுங்கித் தூளாகிறது. கல் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். நடுவில் காணாமல் போனது அந்த ஆறு கஜ வட்டம். மொத்த நாவலில் எனக்கு மிகவும் பயம் தந்தவன் ஜாக் அல்ல, இந்த ரோஜர்தான். ஜாக்குக்குக் கோபம், ரோஷம், தோற்ற அவமானம் என்று காரணங்கள் உண்டு. ரோஜருக்கு எதுவுமே தேவைப்படவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பதே போதும்.

பிக்கியின் நிஜப் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. பள்ளியில் அப்படிக் கூப்பிடுவார்கள், இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே என்று ரால்ஃபிடம் கெஞ்சுகிறான். ரால்ஃப் என்ன செய்கிறான்? எல்லோர் முன்னாலும் அதைப் போட்டு உடைத்துவிட்டுச் சிரிக்கிறான். நல்லவன் என்று நாம் நம்பும் ரால்ஃபின் முதல் துரோகம் அது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஆள் மறைந்துவிடுவான் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் காலை

இப்போது நான் முன்பு சொன்ன அந்தக் காலைக்கு வருகிறேன். நாவலின் மையம் இதுதான் என்பது என் கருத்து. கைடு இதற்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறது.

தீவில் ஒரு மிருகம் இருக்கிறது என்ற பயம் சின்னப் பையன்களிடம் தொடங்கி எல்லோரையும் பிடித்துவிட்டது. உண்மையில் மலை மேல் இருப்பது, வானில் நடந்த சண்டையில் செத்து பாராசூட்டோடு வந்து விழுந்த ஒரு மனிதனின் பிணம். காற்று பாராசூட்டை இழுக்கும்போதெல்லாம் பிணம் நிமிர்ந்து உட்கார்கிறது, காற்று நின்றால் குனிகிறது. பெரியவர்கள் ஏதாவது ஒரு அடையாளம் அனுப்ப மாட்டார்களா என்று பையன்கள் ஏங்கிய இரவில் வந்து சேர்ந்த 'அடையாளம்' அதுதான்! மிருகம் என்று தனியாக ஒன்றும் இல்லை, அது நாமாகவே இருக்கலாம் என்று சைமன் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தான், சிரித்துவிட்டார்கள். அவன் ஒருவன்தான் தனியாக மலையேறி, பிணத்தைப் பார்த்து, பாறையில் சிக்கிய கயிறுகளை விடுவித்துவிட்டு, விஷயத்தைச் சொல்ல இருட்டில் இறங்கி வருகிறான்.

கீழே ஜாக்கின் பன்றி விருந்து. இடி, மின்னல். பயம். பயத்தை விரட்ட வட்டமாக நின்று வேட்டை நடனம். காட்டிலிருந்து தட்டுத்தடுமாறி வெளியே வந்த சைமன் அந்த வட்டத்துக்குள் விழுகிறான். மிருகம் என்று எல்லோரும் அவன் மேல் பாய்கிறார்கள். கையாலும் பல்லாலும் கொல்கிறார்கள்.

யார் யார்? ஜாக் கூட்டம் மட்டுமல்ல. விருந்துக்கு வந்திருந்த ரால்ஃபும் பிக்கியும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். புயலும் இருட்டும் மிரட்டிய நேரத்தில், கூட்டத்தோடு நிற்பது பாதுகாப்பாக இருந்ததால் தாங்களாகவே போய்ச் சேர்ந்துகொண்டவர்கள். ரால்ஃபுக்கு இது முதல் தடவையும் அல்ல. ஏழாம் அத்தியாயத்தில் ராபர்ட் என்பவனைப் பன்றியாக வைத்து விளையாட்டாக ஆடியபோதே, அவனும் முண்டியடித்து உள்ளே போய்க் குத்தியவன்தான்.

மறுநாள் காலை ரால்ஃப் பிக்கியிடம் அதைக் கொலை என்றே சொல்கிறான். அறிவின் சின்னம் என்று கைடு சொல்லும் அந்தப் பிக்கி என்ன செய்கிறான்? இருட்டாக இருந்தது, இடி இடித்தது, பயந்திருந்தோம், அது ஒரு விபத்து, நாம் வட்டத்துக்கு வெளியேதான் இருந்தோம் என்று வரிசையாக அடுக்குகிறான். கொஞ்ச நேரத்தில் சாம், எரிக் என்ற இரட்டையர்கள் வருகிறார்கள். அவர்களும் நேற்று களைப்பாக இருந்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். நாங்களும் சீக்கிரமே கிளம்பிவிட்டோம் என்கிறான் பிக்கி. இரட்டையர் உடம்பில் அடிபட்ட தடம் இருக்கிறது. நாலு பேரும் மற்றவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாலிடெக்னிக்குக்கு வருமுன் நான் ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். எந்த ஊர், எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாம். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குத் திக்குவாய். ஒரு நாள் இரவு கரண்ட் போனபோது அவனை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்று, ஈரத் துண்டை முறுக்கி அடித்தார்கள். விளையாட்டாகத்தான் தொடங்கியது. மறுநாள் வார்டன் விசாரித்தபோது எங்கள் அறையில் நாலு பேரும் ஒரே பதில்தான் சொன்னோம்: "கரண்ட் போனதுமே நாங்க படுத்துட்டோம் சார்." நான் அடிக்கவில்லை, அது நிஜம். ஆனால் படுத்துவிடவும் இல்லை. வட்டத்தில் எனக்கு ஒரு இடம் இருந்தது, கை தட்டினேன். அந்த வாரமே அவன் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கூட்டிப் போய்விட்டார். நாலு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை.

ஆகவே பிக்கியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் முட்டாள் இல்லை. முட்டாளால் அவ்வளவு வேகமாக அவ்வளவு நல்ல காரணங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

தோங்கா பையன்கள்

"இதெல்லாம் கற்பனை, நிஜத்தில் இப்படி நடக்காது" என்று சொல்பவர்கள் காட்டும் ஒரு சம்பவம் உண்டு, அது நிஜமாகவே நடந்தது. 1965 ஜூனில் பசிபிக் கடலிலுள்ள தோங்கா நாட்டில், ஒரு விடுதிப் பள்ளியைச் சேர்ந்த ஆறு பையன்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாயும் சுக்கானும் போய், நாள் கணக்கில் மிதந்து, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் கரையேறினார்கள். அங்கே பதினைந்து மாதம்! 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் அவர்களைக் கண்டுபிடித்தார். இரண்டிரண்டு பேராக முறை வைத்து வேலை பார்த்திருந்தார்கள். மூட்டிய தீயை அணையவே விடவில்லை. ஒருவன் பாறையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, குச்சி வைத்துக் கட்டிக் குணமாக்கியிருந்தார்கள். சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. 2020-ல் ருட்கர் பிரெக்மன் என்ற டச்சுக்காரர் தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அப்படியானால் கோல்டிங் சொன்னது பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. தோங்கா பையன்கள் ஆறு பேர், ஏற்கெனவே நண்பர்கள், ஒருவன் பெயர் மற்றவனுக்குத் தெரியும், வீடு தெரியும். நாவலில் வருபவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். முதல் நாளே பெயர்ப்பட்டியல் எடுக்கவேண்டும் என்று சொன்னவன் பிக்கி. ஓரளவு கேட்டும் பார்த்தான். சின்னதுகள் ஓடிக்கொண்டே இருந்தன, பெரியதுகள் உதவவில்லை. விட்டுவிட்டார்கள். அதே நாள் மலையில் மூட்டிய முதல் தீ கட்டுமீறிக் காட்டைப் பிடித்தது. முகத்தில் பெரிய மச்சம் உள்ள ஒரு சிறுவன் அதன்பின் காணவில்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்றே தெரியாதபோது, ஒருவன் குறைந்ததை எப்படிக் கணக்கெடுப்பது? நமக்கெல்லாம் காலையில் அட்டெண்டன்ஸ் என்றால் சலிப்பு. அந்தத் தீவில் அட்டெண்டன்ஸ் எடுக்காததால் முதல் சாவு கணக்கிலேயே வரவில்லை.

முடிவில், ரால்ஃபை வேட்டையாடிப் பிடிக்கத் தீவுக்கே தீ வைக்கிறான் ஜாக். அந்தப் புகையைப் பார்த்துத்தான் கப்பல் வருகிறது. காப்பாற்ற மூட்டிய தீயை அணையவிட்டபோது கப்பல் கடந்துபோயிற்று. கொல்ல மூட்டிய தீ அவர்களைக் காப்பாற்றுகிறது. வெள்ளைச் சீருடையில் வந்து நிற்கும் கடற்படை அதிகாரி, நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறார். ரால்ஃபுக்குத் தெரியவில்லை. பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்திருக்க வேண்டாமா என்கிறார், பேலன்டைனின் கதையைக்கூட நினைவுபடுத்துகிறார். அழும் பையன்களைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தன் கப்பல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது போர்க்கப்பல், அவரும் வேட்டைக்குப் போகிற வழியில்தான் வந்திருக்கிறார். இதை கோல்டிங் விளக்கவில்லை, நாமும் விளக்க வேண்டாம்.

பெர்சிவல் என்று ஒரு குட்டிப் பையன். பயம் வரும்போதெல்லாம் தன் முழுப் பெயர், வீட்டு விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் மந்திரம் மாதிரி ஒப்பிப்பவன். அதிகாரி முன்னால் வந்து நின்று ஒப்பிக்க வாய் திறக்கிறான். பெயர்கூட வரவில்லை.

இந்த நாவலைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டே அத்தியாயம்தான். தீவையும் காட்டையும் வர்ணிக்கும் பக்கங்களில் ஆங்கிலம் கொஞ்சம் கடினம், அதற்காக விட்டுவிடாதீர்கள், பேச்சு வரும் இடங்கள் எளிது. 1963-ல் பீட்டர் புரூக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் நன்றாக இருக்கும், ஆனால் புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள். பையன்கள் நிறையப் பேர் வருவதால் பெயர் குழம்பும். நான் ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே படித்தேன். பிக்கிக்கு எதிரே பட்டப்பெயரைத்தான் எழுத முடிந்தது. மச்சக்காரப் பையனுக்கு எதிரே அதுவும் இல்லை.